பிழை அலுவலகத்தில், பிடித்தம் பணிக்கொடையில்

அரசுப் பணியில் இருந்தபோது கூடுதலாக வாங்கிய ஊதியத்தை, ஓய்வுபெற்ற பிறகானாலும் ஒரு ரூபாய் விடாமல் வசூலித்தே தீர வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். கணக்குத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றவர் அவர். அவர் சொன்னதைத் திரிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். அது மக்கள் பணம்; தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது; வாங்கியவருக்கு அதில் உரிமை கிடையாது; வேலையை விட்டுப் போய்விட்டதால் கடன் கரைந்துவிடாது; ஆகவே பணிக்கொடையிலோ ஓய்வூதியத்திலோ பிடித்துக்கொள்ள வேண்டும்; இதற்குக் குறுக்கே நிற்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரக்கத்தில் பிறந்ததே தவிர சட்டத்தில் பிறந்ததல்ல. இவ்வளவுதான் வாதம்.

மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது மறுக்க முடியாததாகத் தோன்றும். ஆனால் அந்த நீண்ட கட்டுரையில் ஓர் ஆளைக் காணவில்லை. கூடுதல் ஊதியத்தை நிர்ணயம் செய்து, பணிப்பதிவேட்டில் பதிந்து, கையெழுத்துப் போட்டு, பட்டியல் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்பிய ஆள். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பட்டியலை மாதாமாதம் பார்த்துப் பணம் கொடுத்தவரைப் பற்றியும் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் தணிக்கைக்கு வந்துபோனவர்களைப் பற்றியும் இல்லை. கூண்டில் நிற்பது வாங்கியவர் மட்டுமே. கட்டுரையாளர் தன் பணிக்காலம் முழுவதும் அந்தக் காணாமல்போன மேசையில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது.

அவர் காட்டிய உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். மளிகைக் கடையில் 500 ரூபாய் நோட்டைக் கொடுக்கிறோம். கடைக்காரர் மறதியாகச் சில்லறையைக் கூடுதலாகத் தந்துவிடுகிறார். நல்ல மனிதர் திருப்பிக் கொடுப்பார் அல்லவா என்று கேட்கிறார். கொடுப்பார். ஏனென்றால் பொருளின் விலை அவருக்குத் தெரியும், கொடுத்த நோட்டு தெரியும், கையில் இருக்கும் சில்லறையை அங்கேயே எண்ணிப் பார்க்க முடியும். ஊதியம் அப்படிப்பட்டதா? பத்தாண்டு முடித்தால் தேர்வுநிலை, இருபதாண்டு முடித்தால் சிறப்புநிலை, கூடுதல் படிப்புக்கு ஊக்க ஊதிய உயர்வு, பதவி உயர்வில் ஒரு நிர்ணயம், பணியில் இளையவர் கூடுதலாக வாங்கினால் சமன் செய்ய இன்னொரு நிர்ணயம். நடுவில் ஊதியக் குழு வரும். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2009இல் வந்த அரசாணை 234 பழைய அடிப்படை ஊதியத்தை 1.86ஆல் பெருக்கித் தர ஊதியத்தைச் சேர்க்கச் சொன்னது. ஏழாவதை ஒட்டி 2017 அக்டோபரில் வந்த அரசாணை 303 எல்லாவற்றையும் 2.57ஆல் பெருக்கி ஊதிய அட்டவணையில் ஒரு கட்டத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னது. இவற்றுக்கிடையே திருத்த ஆணைகளும் தெளிவுரைக் கடிதங்களும் எத்தனையோ. இடைநிலை ஆசிரியர்களின் 750 ரூபாய் தனி ஊதியத்தைப் பதவி உயர்வின்போது எப்படிக் கணக்கில் கொள்வது என்பதில் அதைக் கையாளும் அலுவலகங்களே குழம்பின.

இந்தக் கணக்கை உதவியாளர் எழுதுகிறார், கண்காணிப்பாளர் சரிபார்க்கிறார், அலுவலகத் தலைவர் ஒப்பமிடுகிறார். மூன்று பேரும் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பிடிபடாத பிழை, வாசலில் உட்கார்ந்து தபால் கட்டுகிற அலுவலக உதவியாளருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்கிறார்? பணிப்பதிவேட்டை ஆண்டுதோறும் ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற விதியை அவர் எடுத்துக்காட்டுகிறார். கையெழுத்துப் போட்டவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் முடிவு. ஓய்வூதியர் சங்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஓய்வு பெறும் ஆண்டில், ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும்போதுதான் தங்கள் பதிவேட்டை முதன்முதலாகத் திறந்து பார்த்தவர்கள். அதற்கு முன்பு பார்த்தவர்களும் பக்கத்தின் ஓரத்தில் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டவர்கள்தான். விதி புத்தகத்தில் இருக்கிறது என்பதாலேயே அலுவலகத்தில் நடந்தது என்று எழுதுவது, அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்தவருக்கு அழகல்ல.

ஒன்றை நான் மறுக்கவில்லை. வேலையை விட்ட பிறகும் ஒரு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் அது தன்னுடையதல்ல என்று எவருக்கும் தெரியும். திருப்பித்தான் தர வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்து ஊக்க ஊதியம் வாங்கியவரிடம் வட்டியோடு வசூலித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த வேறுபாட்டை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே செய்துவருகின்றன. ராணுவத்தில் மருத்துவர்களாக இருந்து ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதிய வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே எழுதியது. கூடுதல் தொகை வந்தது ஊழியரின் பொய்யாலோ மோசடியாலோ அல்ல, நிர்வாகம் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் என்றால் நிவாரணம் உண்டு. கூடுதல் என்று தெரிந்தே வாங்கியிருந்தாலோ, குறுகிய காலத்தில் பிழை கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலோ நிவாரணம் இல்லை. இந்த நிவாரணம் ஊழியரின் உரிமையிலிருந்து வருவதல்ல, நியாயத்தை முன்னிட்டு நீதிமன்றம் தருவது என்பதையும் அதே தீர்ப்பு ஒளிக்காமல் சொல்கிறது. கீழ்நிலை ஊழியர் வருகிற சம்பளத்தைக் குடும்பத்துக்கே செலவிடுகிறார். தனக்கு உரியது என்று நம்பிச் செலவிட்டதைப் பல ஆண்டு கழித்துக் கேட்டால் அவர் நொடிந்துபோவார் என்பதே அதன் அடிப்படை.

கட்டுரையாளர் இந்தத் தீர்ப்பைத் தொடவேயில்லை. தொட்டிருந்தால், நீதிமன்றம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று எழுதியிருக்க முடியாது.

அவர் கையில் எடுத்தது 2012இல் உத்தராகண்ட் ஆசிரியர்கள் வழக்கில் வந்த தீர்ப்பு. வரி செலுத்துவோரின் பணம் கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை. மோசடி இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை. கூடுதலாகப் போனது திரும்ப வர வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது உண்மை. கட்டுரையாளர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அதே தீர்ப்பு மிகுந்த துன்பம் விளையும் இனங்களுக்கு விலக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த பிகார் ஆசிரியர்கள் வழக்கில் வசூல் கைவிடப்பட்டதற்குக் காரணம், அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றிருந்தார்கள் அல்லது ஓய்வின் விளிம்பில் இருந்தார்கள் என்பதுதான் என்றும் குறிப்பிட்டது. உத்தராகண்ட் ஆசிரியர்களுக்கான ஊதிய நிர்ணய ஆணையிலேயே, நிர்ணயம் தவறு என்று தெரிந்தால் வசூலிக்கப்படும் என்ற நிபந்தனை இருந்தது. வசூலும் அவர்கள் சம்பளத்தில், பன்னிரண்டு தவணைகளில் நடக்க வேண்டும் என்றுதான் உத்தரவு. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னதை, வேலையும் சம்பளமும் முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்கு எதிராக நீட்டுகிறார். நீட்டியதைச் சொல்லவும் இல்லை.

அடுத்து அவர் இரக்கம் என்று ஒதுக்கிய தீர்ப்பு. பஞ்சாப் அரசு தன் கீழ்நிலை ஊழியர்கள் பலருக்கு எதிராக நடத்திய வழக்குகளின் தொகுப்பு அது. ரஃபிக் மசீ வழக்கு என்று சட்ட உலகம் அறியும். சட்ட ஏடுகளில் அவர் பெயரோடு வெள்ளையடிப்பவர் என்ற தொழிலும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவரிடம் போன பணத்தைத் திரும்பப் பிடுங்க ஒரு மாநில அரசு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 டிசம்பர் 18 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, முதலாளியின் வசூல் உரிமையை ஒழித்துவிடவில்லை. அந்த உரிமை எப்போது அநியாயமாகிவிடும் என்று ஐந்து இனங்களைச் சுட்டியது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடம், அதாவது சி, டி பிரிவினரிடம், வசூலிக்கக் கூடாது. ஓய்வுபெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்களிடமும் கூடாது. வசூல் ஆணைக்கு முன் ஐந்தாண்டுக்கு மேல் கூடுதல் தொகை போய்க்கொண்டிருந்தால் கூடாது. மேல்பதவி வேலையைத் தவறாகச் செய்ய வைத்து அதற்கேற்ற ஊதியம் கொடுத்திருந்தால் கூடாது. இவை தவிர, வசூலிப்பது முதலாளியின் உரிமையை விடப் பெரிய கொடுமையாகிவிடும் என்று நீதிமன்றம் கருதும் வேறெந்த நிலையிலும் கூடாது.

இதில் இரக்கம் மட்டும் இருக்கிறதா? ஐந்தாண்டு வரம்பைக் கவனியுங்கள். அது ஊழியரின் ஏழ்மையைப் பற்றிப் பேசவே இல்லை. தன் புத்தகத்தை ஐந்தாண்டுக்குள் சரிபார்க்காத அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறது. நான்காவது இனம் வேலையைச் செய்து முடித்தவருக்கு உரிய கூலியைப் பற்றிப் பேசுகிறது. இவை சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பில் யார் கவனமாக இருந்திருக்க முடியும், யார் இழப்பைத் தாங்க முடியும் என்று எடை போட்டு வந்த முடிவுகள். சட்டம் என்றால் இதுதான். கூட்டல் கழித்தல் மட்டும் சட்டம் என்று நினைப்பது கணக்கரின் பழக்கம்.

அந்தத் தீர்ப்பு 2016இல் செத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். இது வாசகரை ஏமாற்றும் கூற்று. 2016 ஜூலையில் வந்த தீர்ப்பு ஓர் உரிமையியல் நீதிபதியைப் பற்றியது. ஊதியத் திருத்தத்தின்போது, கூடுதல் என்று பிற்பாடு தெரிந்தால் திருப்பித் தருகிறேன் என்று அவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார். அப்படி முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட அதிகாரிக்கு ஓய்வுபெற்றோருக்கான இரண்டாவது இனம் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. சொன்னது இரண்டாவது இனத்தைப் பற்றி. கீழ்நிலை ஊழியருக்கான முதல் இனத்தை அது ரத்து செய்யவில்லை. அந்த நீதிபதியிடமும் சுமார் 1.22 லட்சம் ரூபாயை இரண்டாண்டு தவணைகளில்தான் வாங்கச் சொன்னது. சட்டம் படித்து, தீர்ப்பெழுதி, உறுதிமொழியின் பொருள் அறிந்த ஒருவருக்கே இரண்டாண்டு அவகாசம். நமது கட்டுரையாளரோ துப்புரவுப் பணியாளரின் பணிக்கொடையில் மொத்தத் தொகையையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார்.

உறுதிமொழியைப் பற்றியும் பேசிவிட வேண்டும். ஊதியக் குழு வந்ததும் ஊழியர் விருப்பப் படிவம் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்திலேயே உறுதிமொழி அச்சிடப்பட்டிருக்கும். அதில் கையெழுத்திடாமல் புதிய ஊதியத்துக்குப் போக வழியில்லை. லட்சக்கணக்கானவர்களிடம் ஒரே அச்சில் வாங்கிய அந்தத் தாளைப் பேரம் பேசி எழுதிய ஒப்பந்தம்போல் தூக்கிக் காட்டுவது நியாயமா? அந்த ஊதியக் குழு நிர்ணயத்துக்கென்று கொடுத்த உறுதிமொழியை, அதற்குப் பல ஆண்டு முன்பு நடந்த தேர்வுநிலை நிர்ணயப் பிழைக்கும் சேர்த்து இழுப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் கேரள ஆசிரியர் ஒருவர் வழக்கில் ரஃபிக் மசீ தீர்ப்பின் வழியைத்தான் பின்பற்றியது. அவர் தலைமை ஆசிரியராக 1999 மார்ச்சில் ஓய்வுபெற்றவர். பணிவிதிகளைத் தவறாகப் புரிந்துகொண்டு கணக்கிட்ட ஊதிய உயர்வுகளுக்காகப் பணிக்கொடையை நிறுத்திவைத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, டெல்லி வரை போய், ஓய்வுபெற்று 23 ஆண்டுகள் கழிந்த பிறகு வசூல் கூடாது என்ற ஆணையைப் பெற்றார். 2025இல் ஒடிசா மாவட்ட நீதிமன்றச் சுருக்கெழுத்தர்களுக்கும் அதே நியாயம் கிடைத்தது. செத்துப்போன சட்டம் எப்படி 2022இலும் 2025இலும் தீர்ப்பெழுதியது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

இனி அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற மக்கள் பணத்துக்கு வருவோம். மக்கள் பணத்தில் எனக்கும் பங்குண்டு, எனக்கும் அக்கறையுண்டு. அந்த அக்கறையோடுதான் கேட்கிறேன்: பட்டியலில் கூடுதல் தொகை போனால் முதல் பொறுப்பு அதில் கையெழுத்திட்ட அலுவலருக்கு என்பது கருவூல விதிகளில் காலங்காலமாக இருந்துவரும் கோட்பாடு. அதைக் கட்டுரையாளர் தன் பணிக்காலத்தில் எத்தனை அலுவலர்கள்மீது பாயவைத்தார்? கட்டுரையில் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அந்தக் கோட்பாடு பாயாததால்தான் எளிய வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பிழை செய்தவர் மாறுதலில் போய்விட்டார்; சரிபார்த்தவர் ஓய்வுபெற்றுவிட்டார்; தணிக்கைத் தடையை நீக்க வேண்டிய இன்றைய அலுவலருக்கு, கையெட்டும் தூரத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஓய்வுபெறப் போகிறவரின் பணிக்கொடை. கடன் நியாயமானது என்பதற்காக அவரிடம் வசூலிப்பதில்லை. பணம் இன்னும் அரசின் கையில் இருக்கிறது, அவரால் தடுக்க முடியாது, அதனால் வசூலிக்கிறார்கள்.

காலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுகிறேன். ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து கார்டாகப் பதவி உயர்வு பெற்ற ஒருவருக்கு 1970 டிசம்பரிலிருந்து மாதம் 190 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அது 181 ரூபாயாக இருந்திருக்க வேண்டும் என்று 1991இல், அதுவும் அவரிடம் ஒரு விளக்கமும் கேட்காமல் உத்தரவு போட்டார்கள். ஒன்பது ரூபாய் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அந்த நிர்வாகத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. விசாரணையின்றி ஊதியத்தைக் குறைத்தது செல்லாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது.

இதையே தலைகீழாக வைத்துப் பாருங்கள். நிர்வாகத்தின் பிழையால் ஒருவருக்குச் சம்பளம் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டு கழித்து அவர் நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும்? ஊதியம் இனி சரிசெய்யப்படும். நிலுவையோ, வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்றாண்டுக்கு மட்டும். 2008இல் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்ன பொது நெறி இது. இழந்த பதினேழு ஆண்டுப் பணத்தை அவர் மறந்துவிட வேண்டும். தாமதம் அவருடைய குற்றம். மறுபுறம் அரசு வழக்குத் தொடுக்க 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. பணிக்கொடையில் பிடிப்பதற்கோ வழக்கே தேவையில்லை. அரசு குறைவாகக் கொடுத்தால் மூன்றாண்டு, கூடுதலாகக் கொடுத்தால் பணிக்காலம் முழுவதும். மக்கள் பணம் என்று முழங்குகிறவர், மக்களில் ஒருவருக்குக் குறைவாகப் போன பதினேழு ஆண்டுப் பணம் யாருடையது என்றும் ஒருமுறை எழுதட்டும்.

கணக்கைப் பற்றியாவது கணக்கதிகாரி சரியாக எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுதவில்லை. கூடுதலாகப் போன தொகை எவ்வளவு என்று அலுவலகம் போடும் கணக்கு மொத்த ஊதியத்தின் கணக்கு. ஊழியர் கைக்கு வந்தது பிடித்தம் போக மீதி. 20 சதவீத வருமான வரி வரம்பில் இருந்த ஒருவருக்குக் கூடுதலாக 1,000 ரூபாய் போயிருந்தால், 4 சதவீத செஸ் சேர்த்து 208 ரூபாய் வரியாகவே போயிருக்கும். அவர் தொட்டது 792 ரூபாய். வசூல் ஆணை 1,000 ரூபாய்க்கு வருகிறது. கட்டிய வரியைத் திரும்ப வாங்கலாமே என்பார். பத்தாண்டுக்கு முந்தைய கணக்கைத் திருத்தும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புதிதாக வந்த புதுப்பித்த கணக்கு முறையில் கூடுதல் வரி கட்டலாமே தவிர, கட்டியதைத் திரும்பக் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுப் போடலாம். அதற்கும் கால எல்லை உண்டு. ஓர் அரசு வரியாக எடுத்துக்கொண்ட பணத்தை இன்னோர் அரசு ஊதியமாகத் திருப்பிக் கேட்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார்.

2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவராக இருந்தால், அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடிக்கப்பட்டிருக்கும். கூடுதல் ஊதியத்திலும்தான். அந்தப் பத்தில் ஒரு பங்கு ஊழியரின் கைக்கு வரவே இல்லை. அரசின் கணக்கில் இருந்தது. அதையும் சேர்த்துத் திருப்பிக் கேட்கிற ஆணையை ஒருவர் நியாயம் என்று எழுதுகிறார் என்றால், ஆணையை அவர் படித்துப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மாதத்துக்கு வெறும் சில நூறு ரூபாய்தானே என்றும் சொல்கிறார். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஓர் ஊதிய உயர்வு தவறுதலாகச் சேர்ந்து, அகவிலைப்படியோடு மாதம் சராசரியாக 1,200 ரூபாய் கூடுதலாகப் போகிறது. பதினான்கு ஆண்டில் அது 2,01,600 ரூபாய். மாதம் 1,200 ரூபாய் என்பது அந்த வீட்டில் பிள்ளையின் பேருந்துக் கட்டணமாகவும் தாயின் மாத்திரையாகவும் போய்விட்ட பணம். இரண்டு லட்சம் என்பது மகளின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனின் கடைசிப் பாகத்துக்கோ நம்பி வைத்திருந்த பணம். முதலாவது யார் கண்ணிலும் படாமல் போனது. இரண்டாவது ஒரே ஆணையில் பறிபோகிறது. சிறு தொகை என்று சொல்லி ஊழியரைக் குற்றம்சாட்டவும், பெருந்தொகை என்று சொல்லி வசூலை நியாயப்படுத்தவும் ஒரே கட்டுரையில் அவரால் முடிந்திருக்கிறது.

தனியார் நிறுவனங்களைப் பாருங்கள், அங்கே வேலையை விட்டுப் போகிறவர் கணக்கை முடித்துவிட்டுத்தான் போகிறார் என்று பாராட்டியிருக்கிறார். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 72ஆம் பிரிவையும் சேர்த்திருக்கிறார். தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்வது சரிதான். ஆனால் தனியார் முதலாளி தானே நீதிபதியாகிவிட முடியாது. வேலையில் இருக்கும்போது கூடுதல் ஊதியத்தைப் பிடிக்க 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே அனுமதித்தது. மொத்தப் பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு அனுமதித்தது. ஆள் போன பிறகு கடைசிக் கணக்கில் சரிசெய்யலாம். அதற்கும் மேல் என்றால் கேட்டு வாங்க வேண்டும், அல்லது உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே மூன்றாண்டு காலவரம்பு. பிழை எப்போது தெரிந்தது என்று மட்டுமல்ல, கவனமாக இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்றும் நீதிமன்றம் கேட்கும். பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தபோதே, வேலையில் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ சேதம் விளைவித்ததாலோ, வன்முறை, ஒழுக்கக்கேடு போன்ற காரணங்களாலோ நீக்கப்பட்டவரின் பணிக்கொடையைத்தான் பறிக்கலாம் என்று எல்லை வகுத்தது. கணக்குப் பிரிவு செய்த பிழை அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தை விட்டு வந்த இளைஞர்களிடம், கூடுதலாகப் போன படியைக் கட்டினால்தான் விடுவிப்புக் கடிதம் என்று சொல்லும் நிறுவனங்களைத்தான் அவர் முன்மாதிரி என்கிறாரா? அது வசூல் அல்ல, பிணை வைத்தல்.

ரஃபிக் மசீ தீர்ப்பை ஒட்டி மத்திய அரசின் பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. ஐந்து இனங்களையும் எழுதி, அதன்படி நடக்கச் சொல்லிவிட்டு, வசூலைக் கைவிடுவதென்றால் செலவினத் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் சேர்த்தது. வசூலிக்க அலுவலகத் தலைவரின் கையெழுத்துப் போதும், கைவிட டெல்லி ஒப்புதல் வேண்டும். எந்த அலுவலர் கைவிடப் பரிந்துரைப்பார்? ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியாக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் இப்படிப்பட்ட மனுக்கள் ஓயாமல் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அரசுத் தரப்பு வழக்கறிஞர், எதிர்மனு, மேல்முறையீடு. அந்தச் செலவும் மக்கள் பணம்தான். தீர்ப்பு தெளிவாகப் பொருந்தும் இனங்களில் அலுவலகமே வசூலைக் கைவிட்டால், கட்டுரையாளர் காப்பாற்ற விரும்பும் கஜானாவுக்கே அது லாபம்.

அவர் கட்டுரையில் என்னை மிகவும் கொதிக்கவைத்தது கடைசிப் பத்தி. ஓய்வுபெறப் போகிறவர்கள் வீண் வழக்குக்குப் போகாமல், பிடித்தத்துக்குச் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகட்டும் என்று அறிவுரை சொல்கிறார். அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். இசைந்து கொடுத்துவிட்டு இப்போது எதிர்க்கிறார் என்று எதிர்மனுவில் எழுத அரசுத் தரப்புக்கு அது போதும். ஓய்வு பெறும் நாளன்று மாலை போட்டு, கூடவே இந்தக் கடிதத்தையும் நீட்டுகிறார்கள். இது இல்லாவிட்டால் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகம் போகாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இசைவு என்று அதற்குப் பெயர் வைப்பது அக்கிரமம்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தவர்கள் யாராவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த நிர்ணயத்தில், எந்தத் தேதியிலிருந்து, எந்த விதிப்படி பிழை என்று எழுத்தில் கேளுங்கள். தணிக்கைத் தடையின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாத வாரிக் கணக்கில் வரி, பங்களிப்புப் பிடித்தம் போக உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு என்று தனியாகக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எந்தப் பிரிவு ஊழியர், ஓய்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது, கூடுதல் தொகை எத்தனை ஆண்டாகப் போனது என்பதைக் குறிப்பிட்டு, 2014 டிசம்பர் 18 தீர்ப்பை மேற்கோள் காட்டிப் பதில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் மீறிப் பிடித்தால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. கருத்துருவை அனுப்புவது அலுவலகத்தின் கடமை, உங்கள் சம்மதத்துக்குக் கூலி அல்ல.